கடைசியாக மாட்டியதைக் கழற்று

என் தம்பியை எங்கள் தெருவில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பிரிட்ஜ் மெக்கானிக் என்பதால் 'கூலிங்' என்று ஆரம்பித்தார்கள், அதுவே ஒட்டிக்கொண்டது. அவன் கல்யாணத்துக்கு வந்த வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் மாப்பிள்ளையின் உண்மையான பேர் என்ன என்று என்னிடம் வந்து விசாரித்தார்கள். வீட்டில் நான் மட்டும்தான் அவனை 'டேய்' என்பேன். பெற்றவர்கள் போன பிறகு அவனுக்கு நான், எனக்கு அவன். நடுவில் அவன் பெண்டாட்டி வந்து சேர்ந்தாள். அதிகம் வாய் திறக்காத பெண், சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். வாய் எனக்கு ரெண்டு பேருக்கும் சேர்த்து இருந்ததால் எங்களுக்குள் சண்டை வந்ததில்லை.

தொழிலில் அவனுக்கு ஒரே ஒரு சட்டம்தான். ரிப்பேர் பார்த்த பிறகு ஒரு பிரிட்ஜ் முன்னைவிட மோசமாக ஓடினால் கண்ட இடத்தில் கை வைக்காதே, கடைசியாக எதை மாட்டினாயோ அதை முதலில் கழற்று. "பழைய கோளாறு புதுசா சத்தம் போடாதுக்கா. புதுச் சத்தம்னா புதுச் சாமான்தான்" என்பான். கறிக்கடை ஃப்ரீஸரில் புது ரிலே மாட்டிவிட்டு வந்தான், கம்ப்ரஸர் சூடாகி நின்று நின்று போனது. கடைக்காரர் கேஸ் போதவில்லை என்றார், கரண்ட் சரியில்லை என்றார். இவன் நேராகப் போய் அந்த ரிலேயைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு மாட்டினான், ஓடியது. பத்துக்கு ஒன்பது தடவை அந்தச் சட்டம் அவனைக் கைவிடவில்லை. அதுதான் தொல்லை.

எனக்குத் தையல் ஆல்டரேஷன் கடை. ஒரு வணிக வளாகத்தின் மாடிப்படிக்கு அடியில் ஒரு மேஜை, ஒரு மெஷின், ஒரு டியூப்லைட். ஒரு நாள் தையல் விட்டு விட்டு விழுகிறது என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது வந்தான். "கடைசியா என்ன மாத்தினே?" என்றான். ஊசி என்றேன். குனிந்து பார்த்து, "ஊசியைத் திருப்பிப் போட்டு வெச்சிருக்கே. இத்தனை வருஷம் தைக்கிறே, வெட்கமா இல்லையா உனக்கு" என்று சிரித்தான். அன்றைக்கு முழுக்க அந்த ஒரு விஷயத்தை வைத்து என் மானத்தை வாங்கினான்.

அவனுக்கு உடம்பு சரியில்லை என்பதை முதலில் சொன்னது அவனுடைய பேண்ட்தான். இடுப்பைப் பிடித்துக் கொடு என்று கொண்டுவந்தான். பிடித்துக் கொடுத்தேன். கொஞ்ச நாளில் அதே பேண்ட் மறுபடி வந்தது. "என்னடா, எலும்புக்குப் பேண்ட் தைக்கச் சொல்றியா" என்றேன். வெல்டிங் புகை என்றான், கேஸ் வாடை என்றான், அதனால்தான் இருமல் என்றான். இருமும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் சட்டைக்காலரைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனது நான்.

நுரையீரலில் காசநோய் என்றார்கள். அதோடு விட்டார்களா, ரத்தத்தையும் எடுத்தார்கள். எச்ஐவி இருந்தது. அவன் பெண்டாட்டிக்கும் பார்த்தார்கள், அவளுக்கும் இருந்தது. எப்படி வந்தது, யார் மூலம் வந்தது என்று யாரும் என்னிடம் கேட்க வேண்டாம். நான் அவனைக் கேட்டேன், அவன் சுவரைப் பார்த்தான். அவளும் கேட்டிருப்பாள். அதற்கு மேல் அது அவர்கள் இரண்டு பேர் பாடு. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான், என் தம்பி பிழைக்க வேண்டும்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். நறுக்கென்று பேசுவாள், அது எனக்குப் பிடித்திருந்தது. "முதல்ல நுரையீரலுக்கு மாத்திரை. அது கொஞ்சம் அடங்கினதும் எச்ஐவிக்கு மாத்திரை ஆரம்பிப்போம். அதை ஆரம்பிச்ச பிறகு சில பேருக்கு நடுவுல உடம்பு மோசமாகும். பயப்படாதீங்க, உடனே வந்து என்கிட்ட சொல்லுங்க. நீங்களா மட்டும் எதையும் நிறுத்தக் கூடாது" என்றாள். மூன்று பேரும் தலையாட்டினோம். ஆஸ்பத்திரியில் தலையாட்டுவதற்கு யாருக்குத்தான் வராது. பெண்டாட்டியையும் உடனே மாத்திரை ஆரம்பிக்கச் சொன்னாள். "முதல்ல இவர் எழுந்து நடக்கட்டும்" என்று அவள் நழுவிவிட்டாள். அவளுக்கு அப்போது ஒரு தும்மல்கூட இல்லை.

காசநோய் மாத்திரை நன்றாகவே பிடித்தது. சிறுநீர் சிவப்பாகப் போகிறது என்று ஒரு நாள் அலறிக்கொண்டு போன் செய்தான். மாத்திரையின் நிறம்தான் அது என்று டாக்டர் முன்னாலேயே சொல்லியிருந்தாள், நம்ம ஆளுக்குக் காதில் ஏறவில்லை. இருமல் குறைந்தது. சோறு கேட்டுச் சாப்பிட்டான். நான் பிடித்துக் கொடுத்த பேண்டைப் பிரித்துவிடச் சொல்லிக் கொண்டுவந்தான். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தத் தையலையும் பிரித்ததில்லை.

அப்புறம்தான் எச்ஐவிக்கான அந்தப் பெரிய மாத்திரையை ஆரம்பித்தார்கள்.

சில வாரம் ஒன்றுமில்லை. பிறகு காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் இல்லை, பெண்டாட்டி படுக்கை விரிப்பைப் பிழிந்து காயப் போடுகிற மாதிரி வியர்வை. கழுத்தில் ஒரு பக்கம் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி வீங்கியது. அடங்கியிருந்த இருமல் திரும்பி வந்தது, மாடிப்படி ஏற முடியவில்லை. டீக்கடைக்காரர் விஷயம் தெரியாமல், "கூலிங்குக்கே காய்ச்சலா? கம்ப்ரஸரை மாத்துப்பா" என்று கிண்டல் செய்தார். இவனும் சிரித்துவிட்டு வந்திருக்கிறான். அந்தக் கிண்டல்தான் மண்டையில் போய் உட்கார்ந்துகொண்டது என்று நினைக்கிறேன்.

நான் ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தபோது கடைக்கு வந்து, மாத்திரை டப்பாவை மெஷின் பலகையில் வைத்தான்.

"இதை நீயே வெச்சுக்கோ. எனக்கு இனிமே வேணாம்."

"என்னடா உளர்றே?"

"யோசிச்சுப் பாருக்கா. நான் நல்லா ஆயிட்டு வந்தேனா இல்லையா? நீயே பேண்ட்டைப் பிரிச்சு விட்டே. அதுக்கப்புறம் புதுசா என்ன மாட்டினாங்க? இது ஒண்ணுதான். இதை மாட்டினப்புறம்தானே சத்தம் வருது?"

"நீ என்ன பிரிட்ஜாடா?"

"எல்லாம் மெஷின்தான். நான் நிறுத்தி அஞ்சாறு நாள் ஆச்சு. காய்ச்சல் இறங்கிட்டுது, தொட்டுப் பாரு."

தொட்டுப் பார்த்தேன். நெற்றி குளிர்ந்துதான் கிடந்தது. கழுத்துக் கட்டிகூடக் கொஞ்சம் வற்றியிருந்தது. எனக்கு வந்ததே கோபம், ஆனால் எதை வைத்துத் திட்டுவது? எதிரில் நிற்கிறவன் நன்றாக நிற்கிறான். நோய் முற்றுகிறவன் மாதிரி நின்றிருந்தால் நாலு அறை விட்டு இழுத்துக்கொண்டு போயிருப்பேன். நியாயம் அவன் பக்கம் இருக்கிற மாதிரி இருந்ததுதான் என்னைப் பயமுறுத்தியது.

அவன் வீட்டுக்குப் போனேன். பெண்டாட்டி அடுப்படியில் நின்றாள். "நீயாவது சொல்லக் கூடாதா?" என்றேன். "நான் என்னத்தைச் சொல்றது அண்ணி. அதைச் சாப்பிட்டா விழுறார், விட்டா எழுந்திருக்கிறார். நான் கண்ணால பாக்கிறேனே" என்றாள். இரண்டு பேரும் ஒரே பக்கம் சேர்ந்துவிட்டார்கள். தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திப் பார்த்தேன். அவன் டி.வி. சத்தத்தைக் கூட்டினான்.

எனக்கும் பிடிவாதம் உண்டு. அடுத்த நாள் கடையைத் திறக்கவில்லை. காலையில் போய் அவன் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்துகொண்டேன். போகிற வருகிறவர்கள் எல்லாம் என்ன என்று கேட்டார்கள். "தம்பிக்கு உடம்பு சரியில்ல, ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேங்கிறான்" என்றேன். "என்ன உடம்புக்கு?" என்று அடுத்த கேள்வி. நான் திரும்பி ஜன்னலைப் பார்த்து, "என்ன உடம்புக்குன்னு கேக்கிறாங்கடா, சொல்லட்டுமா?" என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டான். பஸ்ஸில் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாவிட்டால் போயேன், நான் ஆஸ்பத்திரிக்குத்தானே கூப்பிட்டேன், கொஞ்சுவதற்கா கூப்பிட்டேன்?

டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்தாள், கழுத்தை அழுத்திப் பார்த்தாள், அவன் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள். ரிலே கதையைக்கூடக் கேட்டாள்.

"உங்க பிரிட்ஜ் தன்னைத்தானே ரிப்பேர் பாத்துக்குமா?" என்றாள்.

"அது எப்படிப் பாக்கும்?"

"உடம்பு பாக்கும். அதுதான் வித்தியாசம், தொல்லையும் அதுதான். இத்தனை நாள் உங்க உடம்புக்குச் சண்டை போடத் தெம்பே இல்ல. காசநோய்க் கிருமி உள்ள உட்கார்ந்திருந்தது, உடம்பு பாத்துக்கிட்டுச் சும்மா இருந்தது. இந்த மாத்திரை போட்டதும் தெம்பு வந்துட்டுது. வந்த கோபத்துல நுரையீரல்ல, கழுத்துல எங்கெல்லாம் கிருமி மிச்சம் இருக்கோ அங்கெல்லாம் அடிக்குது. வீட்டுக்குள்ள சண்டை நடந்தா வீட்டுச் சாமானும் உடையும் இல்லையா? அதுதான் காய்ச்சல், அதுதான் கட்டி. மருந்து கெடுக்கல. மருந்து வேலை செய்யுது."

"நிறுத்தினதும் சரியாச்சே."

"சண்டை நின்னுது. சண்டை போடுறவன் மறுபடி படுத்துட்டான். கிருமி எழுந்துக்கும். அப்போ வேற மாத்திரைக்கும் அது அடங்காது."

அவன் என்னைப் பார்த்தான். எனக்குப் புரிந்தது. அவனுக்கும் புரிந்திருக்கும், அவன் முட்டாள் இல்லை. ஆனால் புரிவது வேறு, கை பழகியது வேறு.

பெரிய மாத்திரையைத் திரும்ப ஆரம்பிக்கச் சொன்னாள். கூடவே சின்னதாக ஒரு வெள்ளை மாத்திரை, ஸ்டீராய்டு. சண்டையைக் கொஞ்சம் அடக்கி வைக்க. "இதைக் காலையில சாப்பாட்டுக்கு அப்புறம். நல்லாயிட்ட மாதிரி இருந்தாலும் நிறுத்தாதீங்க. கொஞ்சம் கொஞ்சமா நான்தான் குறைப்பேன். திடீர்னு விட்டா ரெண்டு மடங்கா திரும்பும்" என்றாள். இதை அவனைப் பார்த்துத்தான் சொன்னாள். அவன் காதில் விழுந்தது, நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் வாயைத் திறந்தான். "ரெண்டையும் ஒரே நேரத்துல மாட்டினா, எது சரி எது தப்புன்னு எப்படிக்கா கண்டுபிடிக்கிறது?"

"நீ ஒண்ணும் கண்டுபிடிக்க வேணாம். முழுங்கு."

"எனக்காக இல்ல, உனக்காக முழுங்குறேன்" என்றான். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அன்றிலிருந்து தினமும் கடையைப் பூட்டியதும் நேராக அவன் வீடு. பெரிய மாத்திரையை என் கண் முன்னால் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது ஒப்பந்தம். போட்டுத் தண்ணீர் குடித்து, வாயை ஆவென்று திறந்து, நாக்கைத் தூக்கி, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் கன்னத்தை இழுத்துக் காட்டுவான். "சோதனை முடிஞ்சுதா இன்ஸ்பெக்டர் அம்மா?" என்பான். பெண்டாட்டி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். அந்தச் சில வாரம் அந்த வீட்டில் சிரிப்பு இருந்தது. ஒரு நாளும் அவன் ஏமாற்றவில்லை.

வெள்ளை மாத்திரை காலையில். காலையில் பெண்டாட்டி இருட்டு விலகும்போதே சலவைக்கடைக்குப் போய்விடுவாள். நான் கடைக்குப் போய்விடுவேன். அவனும் சாப்பாட்டுத் தட்டும் மட்டும்தான் வீட்டில்.

காய்ச்சல் இறங்கியது. கட்டி வற்றியது. பசி என்றால் அப்படி ஒரு பசி, வைத்ததை எல்லாம் வழித்துவிட்டு இன்னும் என்ன இருக்கிறது என்று பார்ப்பான். முகம் உப்பிப் பந்து மாதிரி ஆனது. "என்ன கூலிங், பணக்காரக் களை வந்துடுச்சே" என்றார் டீக்கடைக்காரர். ராத்திரி தூக்கம் வரவில்லை என்று சொன்னான், சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுந்தான், கண்ணாடியைப் பார்த்து, "இது என் மூஞ்சியே இல்லக்கா" என்றான். மூஞ்சி போனால் போகட்டும், ஆள் இருக்கிறாயே என்றேன். வேலைக்குப் போக ஆரம்பித்தான். ஒரு பழைய கம்ப்ரஸரைத் தோளில் தூக்கிக்கொண்டு என் கடை வழியாகவே நடந்து போனான், வேண்டுமென்றே, நான் பார்க்க வேண்டும் என்று. நான் பார்க்காத மாதிரி தலையைக் குனிந்துகொண்டு தைத்தேன். கண் கலங்கிவிட்டது, அதை அந்தப் பயலுக்கு ஏன் காட்ட வேண்டும்.

ஒரு மத்தியானம் சலவைக்கடையிலிருந்து பெண்டாட்டி ஓடி வந்தாள். ஒரு வாடிக்கையாளர் வீட்டில் பிரிட்ஜைப் பிரித்துப் போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டானாம். மூச்சு வாங்குகிறதாம், பேச வரவில்லையாம். அந்த வீட்டுக்காரர்கள்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். மெஷினை அணைத்தேனா இல்லையா என்றுகூட நினைவில்லை.

அவசரப் பிரிவில் மாஸ்க்கோடு கிடந்தான். விலா எலும்புக்கு நடுவே தோல் உள்ளே போய்ப் போய் வந்தது. கழுத்தின் இரண்டு பக்கமும் கட்டி. உள்ளே நெஞ்சிலும் அதே மாதிரி வீங்கி மூச்சுக்குழாயை நெருக்குகிறது என்று டாக்டர் படத்தைக் காட்டினாள். நறுக்கென்று பேசுகிற அவள் குரல் அன்றைக்கு வேறு மாதிரி இருந்தது.

"ஸ்டீராய்டை எப்போ நிறுத்தினார்?"

"நிறுத்தலயே" என்றேன். "நான் தினமும் கண்ணால பாக்கிறேன்."

"நீங்க பாத்தது எதை?"

தம்பியைப் பார்த்தேன். அவன் மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கினான். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டான்.

"நல்லா ஓடிட்டிருந்துதுக்கா. தூக்கம் இல்ல. மூஞ்சி வீங்குச்சு. கடைசியா மாட்டினது அதுதானே. அதான் கழட்டினேன்." மாஸ்க்கை வைத்து மூச்சு இழுத்துவிட்டு, "பெரிசை விடலக்கா. ஒரு நாளும் விடல" என்றான்.

உண்மைதான். எனக்குக் கொடுத்த வாக்கை அவன் காப்பாற்றினான். நான் எந்த மாத்திரைக்குக் காவல் இருந்தேனோ அந்த மாத்திரை அவன் உடம்பில் தெம்பை ஏற்றிக்கொண்டே இருந்தது. அந்தத் தெம்பை அடக்கி வைத்த வெள்ளை மாத்திரையைத்தான் அவன் தட்டோடு சேர்த்துக் கழுவி ஊற்றியிருக்கிறான். அவன் பெண்டாட்டி என்னைப் பார்த்தாள். என்னை ஏன் பார்க்கிறாள்? டாக்டர் சொன்னது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். நான் செய்தது தப்பு என்று யாரும் என்னைச் சொல்ல வைக்க முடியாது. நான் இழுத்துப் போகாவிட்டாலும் அவன் போயிருப்பான். மெல்லப் போயிருப்பான், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஊசி போட்டார்கள். அதே வெள்ளை மருந்து, இப்போது நரம்பு வழியாக, பெரிய அளவில். ஒரு நாள் கொஞ்சம் தெளிந்தான். என்னைப் பார்த்து, "உன் மெஷின்ல பெல்ட் தளர்ந்திருக்கு, சத்தம் வருது, நானே வந்து பாக்கிறேன். நீ கை வெச்சுடாதே" என்றான். சரிடா என்றேன். அடுத்த நாள் இரண்டு நுரையீரலும் வெள்ளையாக நிரம்பிவிட்டன. கருவியை வைத்து மூச்சு விட வைத்தார்கள். அப்புறம் கருவியும் வேண்டாம் என்று ஆகிவிட்டது.

என் தம்பி செத்துப்போனான். இதைச் சொல்வதற்கு வேறு நல்ல வார்த்தை எனக்குத் தெரியாது. வந்தவர்கள் விதி என்றார்கள், நல்ல மனுஷன் என்றார்கள். இவ்வளவு வீங்கியிருக்கிறதே முகம், என்ன சாப்பிட்டார் என்று ஒருத்தி கேட்டாள். வாயில் நல்லா வந்தது, அடக்கிக்கொண்டேன். பெண்டாட்டி அழவில்லை. அவன் உடைகளை ஒன்றொன்றாக எடுத்து மடித்து வைத்துக்கொண்டிருந்தாள், சலவைக்கடையில் மடிப்பாளே, அதே ஒழுங்கோடு.

அவளுக்கு இருமல் வந்தது அதற்குப் பிறகுதான். நான் ஒரு நிமிஷம் தாமதிக்கவில்லை. சோதித்தார்கள், காசநோய். நுரையீரலுக்கான மாத்திரையைக் கொடுத்தார்கள். மறுபேச்சு இல்லாமல் சாப்பிட்டாள். அதைச் சாப்பிட்டுத் தம்பி தேறியதை அவள் பார்த்திருந்தாள், அதனால் அதன் மேல் அவளுக்கு நம்பிக்கை. கொஞ்சம் அடங்கியதும் அந்தப் பெரிய மாத்திரை டப்பாவைக் கொடுத்தார்கள். அதை வாங்கிக்கொண்டு வந்து அலமாரியின் மேல் தட்டில் வைத்தாள். மூடியில் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கைக்கூடக் கிழிக்கவில்லை.

நான் பேசாத பேச்சில்லை. கெஞ்சினேன், திட்டினேன், வாசலில் உட்காருவேன் என்று மிரட்டினேன். "உட்காருங்க அண்ணி. என்ன வேணா சொல்லுங்க. இனிமே யாருக்குத் தெரிஞ்சா எனக்கு என்ன" என்றாள். அவனிடம் பலித்தது இவளிடம் பலிக்கவில்லை.

அப்போதுதான் அந்த போன் வந்தது. நான் அவள் வீட்டில்தான் இருந்தேன். ஆஸ்பத்திரிப் பதிவில் தம்பிக்கு என் நம்பரைத்தான் கொடுத்திருந்தோம். சோதனைக்கூடத்தில் இருந்து ஒரு பெண் பேசினாள். வார்டில் நடந்தது அவளுக்குத் தெரியாது, குரலில் அவ்வளவு உற்சாகம்.

"நல்ல செய்தி. அவரோட ரத்தச் சோதனை முடிவு வந்துட்டுது. எச்ஐவி கிருமி சோதனையில தெரியாத அளவுக்கு இறங்கியிருக்கு. ரொம்ப நல்லா மாத்திரை சாப்பிட்டிருக்கார். இப்படியே விடாம சாப்பிடச் சொல்லுங்க."

அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள். "சொல்றேன்மா" என்றேன். வைத்துவிட்டேன்.

போனில் பேசியது தம்பி பெண்டாட்டிக்கும் கேட்டிருந்தது. ஆனாலும் நான் சொன்னேன். கையில் ஒரு ஆதாரம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன், புத்தி அப்படித்தானே போகிறது. "பாத்தியா? மருந்து வேலை செஞ்சிருக்கு. கிருமியே இல்லையாம்."

"வேலை செஞ்சதாலதானே அண்ணி செத்தார்."

அது இல்லை, அந்த வெள்ளை மாத்திரையை விட்டதால் என்றேன். அவன் பேச்சைக் கேட்கவில்லை, நீ கேட்பாய், உனக்கு நான் காலையிலும் வருகிறேன், சாயங்காலமும் வருகிறேன், கடையை மூடிவிட்டு இங்கேயே கிடக்கிறேன் என்றேன். டாக்டர் சொன்ன எல்லாவற்றையும் வரிசை மாறாமல் சொன்னேன். எல்லாருக்கும் அப்படி ஆவதில்லை, சில பேருக்குத்தான் ஆகும், ஆனாலும் அடக்க மருந்து இருக்கிறது என்றேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். கேட்டு முடித்ததும் எழுந்து போய் அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தாள். பிளாஸ்டிக்கைப் பல்லால் கிழித்தாள். ஒரு மாத்திரையை உள்ளங்கையில் போட்டுக்கொண்டாள். இன்னொரு கையில் தண்ணீர்.

"எனக்கு அப்படி ஆகாதுன்னு சொல்லுங்க அண்ணி" என்றாள். "நீங்க சொன்னா இப்பவே முழுங்குறேன்."

வாழ்நாள் முழுக்க நான் பொய் சொல்லியிருக்கிறேன். நாளைக்குத் தைத்துத் தருகிறேன் என்றும், இந்தச் சட்டை உங்களுக்கு எடுப்பாக இருக்கிறது என்றும் வாய் கூசாமல் சொல்கிறவள் நான். ஆகாது என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் ஒரு உயிர் பிழைக்கும்.

"ஆகாது" என்றேன்.

சரியாகத்தான் சொன்னேன், குரல்கூட நடுங்கவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இத்தனை வருஷம் அடுப்படியில் நின்று வாய் பேசாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தவள். பிறகு மாத்திரையை டப்பாவுக்குள் போட்டாள். மூடியை இறுக்கித் திருகினாள். தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு, காலையில் வேலைக்குப் போக வேண்டும் என்று சொல்லிப் பாயை விரிக்கப் போனாள்.